தலையணை உயரத்தில் ஓர் ஓட்டை

நான் நடத்துனராக இருக்கும் பேருந்தில் கண்ணாடி ஏற்ற முடியாது. போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்குகிற வண்டி அது. ஆட்டுக்குட்டி, பலாப்பழம், புளி மூட்டை, சாமை மூட்டை, கோழிக் கூடை, எது வந்தாலும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஏற்றிக்கொள்வேன். கண்ணாடி என்றால் மட்டும் விசிலை ஊதிவிடுவேன். அரசாங்க விதி என்று பயணிகளிடம் சொல்வதுண்டு. அதில் பாதி அரசாங்கத்துடையது, மீதி என்னுடையது. கொண்டை ஊசி வளைவில் ஒருவர் மடியில் இருக்கும் கண்ணாடி இன்னொருவர் கழுத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தன் அலங்கார மேசைக் கண்ணாடியோடு ஏறினாள். புருஷன் கெஞ்சினான். இருவரையும் கண்ணாடியோடு இறக்கிவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் விதியை மாற்றவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு ஜன்னல் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, மலைக்குக் கொண்டுபோனேன். அதில் ஓட்டை போடுவதற்காக. எல்லாம் என் மனைவிக்காகத்தான்.

அவள் தேன்பெட்டி வைத்திருக்கிறாள். மலைமேல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியிலும் பலாமரத்தடியிலுமாக எட்டுப் பெட்டிகள். இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பியின் நிலத்தில். எனக்கும் தேனீக்கும் பெரிய நட்பு கிடையாது. அவளுக்கோ முகத்துக்கு வலை வேண்டாம், கைக்கு உறை வேண்டாம். பெட்டியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, சோம்பேறிக் கூட்டமாக இருந்தால் திட்டவும் செய்வாள். அவளிடம் திட்டு வாங்குவதில் நானும் அந்தப் பூச்சிகளும் சமம். அந்த வகையில் எங்களுக்குள் ஒரு புரிதல் உண்டு.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பனி ஈரம் காயாத பாறையில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. திருப்பத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உள்ளே தகடு வைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். உயரமான ஜன்னல் அது. ஒரு பக்கம் திறக்கும் கதவு, இன்னொரு பக்கம் அசையாத முழுக் கண்ணாடி. அதன் வழியாகப் புளியமரத்தடி தெரியும். பெட்டிகளைப் படுத்தபடியே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் அங்கே போட்டேன். பார்த்துக்கொண்டே படுத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றவில்லை.

பங்குனி வாக்கில் மறுபடி காட்டியபோது டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், படுத்தே இருந்தால் கால் இறுகிவிடும் என்றார். வாக்கர் வாங்கி வந்தோம். அவள் ஒருமுறை நின்றாள். கால் நடுங்கியது. உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு வாக்கர் துண்டு காயப்போடும் ஸ்டாண்டு ஆனது. நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். என் தட்டை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசித்தது; நானே எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதாவது கெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் எறும்பு ஏறிவிட்டது. இன்னொன்றில் அந்துப்பூச்சி அடையைத் தின்றுவிட்டது. இரண்டிலிருந்தும் கூட்டம் ஓடிப்போனது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெட்டி வாசலில் போக்குவரத்து இல்லாததை அவள் ஜன்னல் வழியாகவே கண்டுபிடித்துவிட்டாள். அன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நான் பணியிலிருந்து வந்தபோது யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“சித்திரை பொறந்ததும் வாங்க. இருக்கிற பொட்டி எல்லாத்தையும் எடுத்துனு போய்டுங்க. இனிமே யார் பாத்துக்கிறது?”

ஒடுகத்தூர்ப் பக்கம் தேனீ வளர்க்கிற ஒருவரிடம் பேசியிருக்கிறாள். பெட்டிகள் போனால் போகட்டும், மரப்பெட்டிதானே என்று சொல்லுகிற ஆள்தான் நான். ஆனால் அவள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க இந்த உலகத்தில் ஒரு காரணம் இருக்குமென்றால் அது அந்தப் பெட்டிகள்தான். அவை வண்டியேறிப் போய்விட்டால் பிறகு அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்குப் பட்டது. பயமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

போளூர் நிலையத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் ஃபோனில் ஏதாவது பார்ப்பது என் வழக்கம். அப்படி ஒருநாள் ஒரு வீடியோவைப் பார்த்தேன். எந்த ஊரோ தெரியவில்லை, வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே தேன்கூடு வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட ஒல்லியான பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. தேனீக்கள் குழாய் வழியாக வெளியே போய் வந்தன. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை மூன்று தடவை பார்த்தேன். ஓட்டுநர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி ஞாபகமே வந்தது.

மச்சானிடம் சொன்னேன். என் மனைவியின் தம்பி அவன். மலையில் தச்சு வேலை, வயரிங் வேலை எல்லாம் செய்கிறவன். பெட்டியைப் பலா மரத்தில் செய்துவிடுகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டான். கண்ணாடியில் ஓட்டை என்றதும்தான் தலையைச் சொறிந்தான்.

“சொவுத்துல போட்டுடலாமே மாமா?”

“கல்லுக் கட்டடம்டா. ஒரு முழம் தடிப்பு. பூச்சி உள்ள வர்றதுக்குள்ள தேனே புளிச்சிடும்.”

“அப்ப கண்ணாடிய எடுத்துட்டு பிளைவுட் அடிச்சி, அதுல ஓட்டை போட்டுடலாம். அஞ்சு நிமிசம்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. அவள் முகத்தில் வெளிச்சம் படுவதே அந்தக் கண்ணாடி வழியாகத்தான். அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டு உனக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்கிறேன் என்று போய் நிற்பதா? கண்ணாடியில்தான் போடப்போகிறேன், நீ டிரில் மட்டும் கொடு என்றேன்.

போளூரில் கண்ணாடிக் கடைக்காரர் எனக்குப் பழக்கம். என் வண்டியில் கண்ணாடி ஏற்றவிடாததால் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தமும் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, முதலில் அது என்ன கண்ணாடி என்று கேட்டார். சூடேற்றிக் கெட்டியாக்கிய டஃபண்டு கண்ணாடியாக இருந்தால் தொடவே கூடாதாம். டிரில் பட்ட மறு நொடியில் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுமாம். மூலையில் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பழைய வீட்டுச் சாதாரணக் கண்ணாடி என்றேன். சரி என்று டிரில்லில் மாட்டுகிற ஒரு பிட்டை எடுத்துக் கொடுத்தார். முனையில் கூர் கிடையாது. வெறும் குழாய்த் துண்டு மாதிரி, விளிம்பில் மட்டும் வைரத்தூள் ஒட்டியிருந்தது. பத்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய வட்டம். முக்கால் இஞ்சுக் குழாய் அதில் தாராளமாக நுழையும்.

“மூலைக்கிட்ட போடாதீங்க, விரிசல் வுடும். நல்லா உள்ள தள்ளிப் போடுங்க. அமுக்காதீங்க. டிரில்லுல சுத்தியல் மாதிரி அடிக்கிற சுவிட்சு இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. மெதுவா சுத்த வுடுங்க. தண்ணி ஊத்திகினே இருக்கணும், காய வுட்டீங்கன்னா கத முடிஞ்சது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. மூக்கு மேல மாட்டிகினு கீறீங்களே, அது பத்தாது.”

முதலில் மச்சான் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அவனிடம் ஒரு பழைய அலமாரித் தட்டுக் கண்ணாடி இருந்தது. தரையில் பலகை, பலகை மேல் பழைய கம்பளி, அதன்மேல் கண்ணாடி. டிரில்லை வைத்து அழுத்தினேன். பிட்டுக்கு நடு முனை இல்லாததால் அது கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டு ஓடி, கோணல்மாணலாக ஒரு கோலம் போட்டது. மச்சான் ஒரு யோசனை செய்தான். சின்னப் பிளைவுட் துண்டில் அதே பிட்டால் ஓட்டை போட்டு, அந்தத் துண்டைக் கண்ணாடி மேல் டேப் போட்டு ஒட்டினான். இப்போது பிட் அந்த ஓட்டைக்குள் அடங்கி நின்றது. வட்டம் லேசாகப் பதிந்ததும் பிளைவுட்டை எடுத்துவிட்டோம். அவன் சொம்பில் தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் துளைத்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஓட்டை விழுந்துவிட்டது! ஆனால் நான், மச்சான், டிரில் மூவரும் நனைந்திருந்தோம். நல்லவேளையாக அது பேட்டரி டிரில். வயர் போட்டதாக இருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே தண்ணீரை ஊற்றுவதைவிட, துளைக்கும் இடத்தில் தேங்கி நிற்க வைப்பதுதான் நல்லது என்று முடிவு செய்தோம். அந்த வட்டத்தைச் சுற்றிச் சின்ன வரப்பு கட்ட வேண்டும். வீடியோக்களில் எதையோ உருட்டி வளையமாக ஒட்டுகிறார்கள். அது எங்கள் ஊரில் கிடைக்காது. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. வீட்டில் தேன்மெழுகு உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதே! சூடு காட்டினால் இளகும், கண்ணாடியில் நன்றாக ஒட்டும், தண்ணீர் கசியாது. தேனீக்காகச் செய்கிற வேலைக்குத் தேனீயின் மெழுகு. எவ்வளவு பொருத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு நாள் அந்த மெச்சலிலேயே டிக்கெட் கிழித்தேன்.

வாரவிடுப்பு நாளில் வேலையை ஆரம்பித்தேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் குனிந்து, தலையணையில் என் தலையையும் வைத்து, கண்ணுக்கு நேராக ஜன்னல் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.

“இன்னாங்க பண்றீங்க?”

“கண்ணாடி ஆடுது. மாத்தப்போறேன்.”

“அதுக்கு எதுக்கு எந் தலகாணில படுக்கறீங்க?”

கண்ணாடியைப் பிடித்திருந்த மெல்லிய மரப்பட்டிகளைக் கழற்றி, கண்ணாடியை மெதுவாக உருவினேன். திறந்துகிடந்த இடத்தில் அவளுடைய பழைய புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, கண்ணாடியைப் பின்புறம் கொண்டுபோய்ப் பலகையில் படுக்க வைத்தேன். நல்ல உச்சி வெயில். மச்சான் மெழுகைச் சூடாக்கினான். பழைய அடையிலிருந்து எடுத்த மெழுகு, சரியாக வடிகட்டியதுகூட இல்லை. தேன் வாசனை கமகமவென்று வந்தது. வட்டத்தைச் சுற்றி வடை மாதிரி வளையம் பிடித்து ஒட்டினேன். நடுவில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டைப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

பாதி ஆழம் அழகாகப் போனது. அப்போது ஒரு தேனீ வந்து மெழுகு வளையத்தில் உட்கார்ந்தது. பிறகு நாலைந்து வந்தன. நான் நிமிர்ந்து பார்த்தபோது புளியமரத்தடியிலிருந்து ஒரு வரிசையே வந்துகொண்டிருந்தது. பங்குனி வெயிலில் தண்ணீருக்கு அலைகிற பூச்சிகளுக்கு, தேன் மணக்கும் வரப்பு கட்டி, நடுவில் குளிர்ந்த தண்ணீர் தேக்கி, நான் பந்தி போட்டு வைத்திருக்கிறேன்! கூப்பிடாமல் விட்டதுதான் பாக்கி.

“மாமா, அசையாத! மூக்கு மேல கீது!” என்றான் மச்சான்.

அசையாமல் இருக்க நான் முயற்சி செய்தேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். மூக்கின் மேல் இருந்தது பாதுகாப்புக் கண்ணாடிக்குள் நுழையப் பார்த்தது. தலையை உதறினேன். டிரில் சாய்ந்தது. “டிக்” என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஓட்டையிலிருந்து கண்ணாடியின் ஓரம் வரைக்கும் நீளமாக ஒரு கோடு ஓடியிருந்தது. மச்சான் சொம்பைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினான். நான் டிரில்லை வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினேன். காதில் ஒன்று, புறங்கையில் இரண்டு கொட்டு.

உள்ளே வந்து நின்ற என்னை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். காது வீங்கிக்கொண்டிருந்தது. மச்சான் பின்வாசல் வழியாக வந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். குழாய், கண்ணாடிப் பெட்டி, ஓட்டை, மெழுகு.

“மெழுகா?” என்றாள். “பட்டப்பகல்ல, வெளிய வச்சி, பொட்டிக்கு முன்னாடி, தேன் மெழுகா வச்சீங்க?”

சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கால் வலிக்கிறது என்று தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. கண்ணாடி போனது, காது போனது, ஒரு நாள் விடுப்பு போனது. எனக்கு அந்த நிமிடம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே காட்டாமல், “சிரிக்காத, கொட்டு வாங்கினவனுக்குத்தான் தெரியும்” என்று கத்தினேன்.

“கேழ்வரகு மாவப் பெசஞ்சி வையுங்க. அது எந்தப் பூச்சிக்கும் வேணாம். பொழுது சாஞ்சி எல்லாம் உள்ள அடங்கினதுக்கு அப்புறம் பண்ணுங்க” என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்து, “பூச்சிய வூட்டுக்குள்ள வைக்கப்போறாராம். பைத்தியம்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த கண்ணாடியைத்தான் நான் என் பேருந்தில் கொண்டுவந்தேன். ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் பாதி மலையில் கையில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அவளேதான். அலங்கார மேசைப் பெண். போர்வைக்குள் இருப்பது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

“இன்னா கண்டக்டர், கண்ணாடி ஏத்தக்கூடாதே? எறக்கி வுடுங்க.”

வண்டி முழுக்கச் சிரிப்பு. வீட்டில் முடியாமல் இருக்கிறார்கள், அவர்களுக்காக என்று ஏதோ சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, அடுத்த தடவை நான் கொண்டுவந்தால் ஏற்றுவீர்களா என்று கேட்டாள். ஏற்றுவேன் என்றேன். இன்றுவரை அவள் எதுவும் கொண்டுவரவில்லை. வந்தால் ஏற்றத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் பூச்சிகள் அடங்கிய பிறகு பின்புறம் விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து வளையம் வைத்தோம். இந்தத் தடவை பார்வையாளர் ஒருவர் இருந்தார். என் மனைவி முழங்கையை ஊன்றி எழும்பி, ஜன்னலில் கட்டியிருந்த புடவையை ஒரு பக்கம் விலக்கிவிட்டு, உள்ளிருந்தபடியே எங்களை வேலை வாங்கினாள். தண்ணி கொறையுது பாரு. கொஞ்சம் தூக்கித் தூக்கி வுடுங்க. அவசரம் இன்னா, பஸ்ஸா போய்டப் போவுது?

கண்ணாடி துளைப்பதில் கடைசிக் கட்டம்தான் கண்டம். அடிப்பக்கம் வரும்போது கை தானாக அழுத்தும், அழுத்தினால் சில்லு பெயரும். எனவே டிரில்லின் எடையைக்கூடக் கண்ணாடி மேல் விடாமல் கையில் தாங்கிக்கொண்டே சுற்ற விட்டேன். பொறுமை என் குணத்தில் கிடையாது. அன்று எங்கிருந்தோ வந்தது. சத்தம் மாறியது. நிறுத்தினேன். மாவை எடுத்து, ஈரத்துணியால் பொடியைத் துடைத்து, கண்ணாடியைத் தூக்கினோம். பலகை மேல் ஒரு வட்டக் கண்ணாடி வில்லை கிடந்தது. கண்ணாடியில் விரிசல் இல்லை. ஓட்டையின் விளிம்பை ஈர உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அவள் கையை நீட்டி அந்த வில்லையைக் கேட்டாள். அதன் ஓரத்தையும் தேய்த்துக் கொடுத்தேன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எந்தக் கூட்டத்தைக் கொண்டுவருவது என்பதையும் அவள்தான் சொன்னாள். புளியமரத்தடிப் பெட்டியிலிருந்து எடுத்தால், வெளியே போகிற பூச்சிகள் வழக்கமான இடத்துக்கே திரும்பிப் போய்விடும். எனவே மலைக்கு அந்தப் பக்கம் மச்சான் நிலத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து ராணியோடு இரண்டு சட்டங்கள். மச்சான் ஒரு சாயங்காலம் வாசலை அடைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தான். கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போட்டு, ஒல்லிக் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஸ்டூலில் நிறுத்தினோம். குழாயைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடி ஓட்டையில் செருகினோம். இடுக்கை அடைக்க மெழுகு வைத்தேன். அந்த மெழுகுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

விடிந்ததும் பூச்சிகள் குழாய் வழியாக ஒவ்வொன்றாக வெளியே போயின. வாசலுக்கு முன் பறந்து பறந்து வீட்டைப் பார்த்து மனப்பாடம் செய்தன. வெயில் ஏறியதும் முதல் பூச்சி காலில் மஞ்சள் மகரந்தத்தோடு உள்ளே வந்தது. அவள் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. “புங்கம் பூவு இல்ல இது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று காப்பி ஆறிப்போனது.

நான் பெரிதாக எதிர்பார்த்துவிட்டேன். மறுநாளே எழுந்து நடப்பாள் என்று. அவளோ படுத்துக்கொண்டே பார்த்தாள். கூட்டுக்கு இருட்டு வேண்டுமென்று பெட்டி மேல் போட்டிருந்த கறுப்புத் துணியைக் காலையில் விலக்கி வைத்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் பார்ப்பாள். முகம் தெளிந்திருந்தது, பேச்சு வந்திருந்தது, என்னைத் திட்டுவதும் பழையபடி இருந்தது. ஆனால் வாக்கரில் துண்டுதான் தொங்கியது. ஒடுகத்தூர்க்காரர் ஃபோன் செய்து, நாளைக்கு வண்டியோடு வருகிறேன் என்றபோது, சரி வாங்க என்றுதான் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணாடிக்குள் சினிமா காட்டி அவளைக் கட்டிலோடு இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டேனோ என்று கவலையாகவும் இருந்தது.

மறுநாள் அவர் வந்தார். நல்ல மனுஷன். பொழுது சாய்ந்ததும் பெட்டிகளின் வாசலை அடைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். நான் அவரோடு புளியமரத்தடியில் நின்று, அவர் ஒவ்வொரு மூடியாகத் திறக்க, எந்தப் பெட்டியில் எவ்வளவு கூட்டம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். வாய் பேசியதே தவிர மனசு ஒட்டவில்லை.

“யோவ்!”

வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல். சாதாரணமாக என்னை வாங்க போங்க என்பாள். உச்சக் கோபத்தில் மட்டும்தான் இந்த யோவ் வரும். விழுந்துவிட்டாளோ என்று செருப்போடு உள்ளே ஓடினேன். ஒடுகத்தூர்க்காரரும் பின்னாலேயே வந்தார்.

கட்டில் காலியாக இருந்தது. வாக்கர் மூலையில் துண்டோடு நின்றது. அவள் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கட்டிலிலிருந்து இறங்கி, ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். கால் நடுங்கியது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“காலைலருந்து ராணியக் காணோம். இந்தப் பக்கம் வந்துகிறா. புது அடைல எல்லாம் முட்ட வச்சிகிறா. எனக்குப் பாக்க முடில.” மூச்சு வாங்கினாள். “குனிஞ்சா காலு வலிக்குது. எவன்யா இவ்ளோ கீழ ஓட்டை போட்டது? படுத்துகினே பாக்கறதுக்கா பொட்டி வைப்பாங்க? மேல ஒண்ணு போடு.”

வாசலில் நின்ற ஒடுகத்தூர்க்காரர் தொண்டையைக் கனைத்துவிட்டு, “அப்போ பொட்டிங்கம்மா...” என்று இழுத்தார்.

“இன்னா பொட்டி?” என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூடியெல்லாம் தொறந்து போட்டுட்டு வந்தீங்களா? போய் மூடிட்டு வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் புளியமரத்தடிக்குப் போனார். இனி கண்ணாடி பக்கமே போகமாட்டேன் என்று மச்சானிடம் சத்தியம் செய்திருந்தேன். ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். நேரா நில்லு என்றேன். நின்றாள். அவள் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் வட்டம் போட்டேன். அது என் தோளுக்குச் சரியாக வந்தது. அவள் என் தோள் உயரம் இருப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.